கிச்சடி என்கிறாள் மகள்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். போன ஜூனில் மகளைத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து, ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 2ஆம் வகுப்பில் சேர்த்தேன். மொத்தம் 34 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். மூன்று வகுப்புகள் ஒரே அறையில். ‘ஒரு வாத்தியார் மூணு கிளாஸை எப்படி மேய்ப்பாரு?’ என்று மாமனார் தினமும் கேட்கிறார். ‘இன்னைக்கு என்ன நடத்துனாங்க?’ என்று மகளிடம் கேட்டால் ‘கிச்சடி’ என்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர்தான். கூட்டத்துக்குப் போய் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். தப்புப் பண்ணிவிட்டேனா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பள்ளிக் காலை உணவில் கிச்சடி என்றால் அன்று செவ்வாய், இல்லாவிட்டால் வெள்ளி. உங்கள் மகள் கிழமையைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்குப் பிறகு இந்தப் பள்ளிகளின் காலை நேரமே மாறிவிட்டது. முன்பெல்லாம் முதல் மணி அடித்தபின் ஓடிவரும் பிள்ளைகள் இப்போது எட்டேகாலுக்கே வரிசையில் நிற்கிறார்கள். சமைப்பவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்; அவர் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. தன் பிள்ளையும் அதே சாம்பாரைத்தான் சாப்பிடப்போகிறது என்று தெரிந்த கை வேறு மாதிரிதான் உப்புப் போடும்.

ஒரு புதன்கிழமை நான் பார்த்தேன். ஒரு பொடியன் பொங்கலிலிருந்த மிளகை எல்லாம் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பெண் எண்ணிச் சொன்னாள்: பதினொன்று. அப்புறம் அவள் தன் தட்டிலிருந்து இரண்டை எடுத்து அவன் வரிசையில் சேர்த்துவிட்டு, ‘இப்ப?’ என்றாள்.

மாமனார் கேள்விக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள்தான். அதனால் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைப்பது தவிர்க்க முடியாதது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசின் கற்பித்தல் திட்டம் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. உங்கள் மகள் தமிழில் மொட்டாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், அவள் ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இதில் எனக்குக் கவலை இல்லை.

கவலை வேறு இடத்தில். ஓர் ஆசிரியர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். இருவரும் இருக்கிற நாளிலும் வருகைப் பதிவு, அந்த விவரம், இந்தப் படம் என்று செல்பேசி பாதி நேரத்தைத் தின்கிறது. குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: போன மாதம் இருவரும் சேர்ந்து எத்தனை நாள் வகுப்பில் இருந்தார்கள்? கோபமாக இல்லை, சாதாரணமாக. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் வைத்திருப்பது கையெழுத்துக்கு மட்டும் இல்லையே.

கேள்வி கேட்பதோடு நிற்காமல் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் போய் ஒரு கதையும் சொல்லலாம். நானும் ஒரு பள்ளியில் அப்படிப் போனேன். இருபது நிமிடத்துக்குத் தயாரித்து வைத்திருந்தேன். நாலாவது நிமிடத்திலேயே முன்வரிசைப் பையன், ‘நரிக்கு செருப்பு எங்கிருந்து வந்துச்சு?’ என்றான். என்னிடம் பதில் இல்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சத்துணவு அக்கா ‘அதானே?’ என்று அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். மீதி நேரம் முழுக்கச் செருப்பைப் பற்றியே பேசினோம். ஒருத்தி ‘முயல் கடன் குடுத்திருக்கும்’ என்றாள். என் கதை அங்கேயே நின்றுபோயிற்று.

தப்பெல்லாம் ஒன்றும் பண்ணவில்லை. அடுத்த புதன்கிழமை மாமனாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். எட்டரைக்குள் போய்விடுங்கள். ஒன்பதுக்குப் போனால் கழுவிக் கவிழ்த்த தட்டுகளைத்தான் பார்க்கலாம்.