எந்தத் துறை என்று கேளுங்கள்

அன்புள்ள அக்கா,

கேரளத்தின் கே.ஆர்.கௌரியம்மா பற்றி ஒரு காணொளி பார்த்ததிலிருந்து மனம் சரியில்லை. 1957இல் முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் அமைச்சர். சக அமைச்சர் டி.வி.தாமஸைக் காதலித்து மணந்தார். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது கணவர் இந்தியக் கம்யூனிஸ்ட் பக்கம், இவர் மார்க்சிஸ்ட் பக்கம். குடும்பமும் உடைந்தது. 1987 தேர்தலில் ‘கௌரி ஆள்வார்’ என்று ஊரெல்லாம் கோஷம் போட்டுவிட்டு நாயனாரை முதல்வராக்கினார்கள். 1994இல் கட்சியைவிட்டே நீக்கினார்கள். சிறையில் போலீஸ் லத்தியால் பட்ட கொடுமையைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு அழுதுவிட்டேன். இவ்வளவையும் இழந்து ஒரு பெண் அரசியலுக்கு வரத்தான் வேண்டுமா? உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்கச் சொல்லி வீட்டுக்கு வருகிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த சமயத்தில் நானும் கௌரியம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் வேறு. ஒரு பட்டா பெயர் மாற்றத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறேன். அங்கே பெஞ்சில் காத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். புருஷன் போன பிறகு பெயர் மாற்ற வந்தவர்கள், கூடப்பிறந்தவர்கள் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு விழித்துக்கொண்டவர்கள். கவுன்ட்டருக்கு அந்தப்பக்கம் இருப்பவர் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அதனாலோ என்னவோ, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அமைச்சர் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் துறை? காதலித்தவர் பெயர் தெரிகிறது, கட்சி உடைந்த வருடம் தெரிகிறது, நீக்கிய வருடம் தெரிகிறது. அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் ஒரு வரி இல்லை. ஆண் அமைச்சரைப் பற்றி இப்படி ஒரு கடிதம் எழுதுவீர்களா?

வருவாய்த்துறை, ம. நிலம், வரி, பட்டா, குடியானவனை வெளியேற்றும் உத்தரவு எல்லாம் இருந்த துறை. அதோடு கலாலும், கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் தேவஸ்வமும். 1957இல், 37 வயதில், சட்டம் படித்த ஓர் ஈழவப் பெண்ணின் கையில். நம் பக்கம் பெண் அமைச்சர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். 1946இல் ருக்மணி லட்சுமிபதிக்குச் சுகாதாரம். 1967இல் அண்ணா அமைச்சரவையில் சத்தியவாணி முத்துவுக்கு அரிஜன நலம். கௌரியம்மா பதவியேற்ற அதே 1957இல் காமராஜர் லூர்தம்மாள் சைமனுக்கு உள்ளாட்சி தந்தார், அது கொஞ்சம் பெரிய மனது. அப்புறம் வரிசையாகச் சமூக நலம், சமூக நலம், சமூக நலம். அந்தத் துறையைக் குறைத்துச் சொல்லவில்லை, சத்துணவு அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஊரில் யாருக்கு எவ்வளவு நிலம் என்று எழுதிவைக்கும் நோட்டு அங்கே இல்லை.

அந்த நோட்டைத்தான் கௌரியம்மா கையில் எடுத்தார். ஏப்ரல் 5 பதவியேற்பு. ஒரு வாரம் ஆவதற்குள், 11ஆம் தேதி, குத்தகைக்காரர்களையும் குடிசைக்காரர்களையும் வெளியேற்றுவதைத் தடைசெய்து அவசரச் சட்டம். ஏன் இவ்வளவு அவசரம் தெரியுமா? நிலச் சீர்திருத்தம் வருகிறது என்று வாசனை அடித்தால் போதும், ஜென்மி, அதாவது நிலச்சுவான்தார், முதல் வேலையாகக் குடியானவனைத் துரத்திவிடுவான். சட்டம் வந்து சேரும்போது உரிமை கேட்க ஆளே இருக்கமாட்டான். அதனால் முதலில் கதவைப் பூட்டினார், பிறகு உட்கார்ந்து மசோதா எழுதினார். 1959 ஜூனில் சபையில் நிறைவேறியது. ஜூலை 31இல் மத்திய அரசு ஆட்சியையே கலைத்தது. அதற்குப் பிறகு வந்த சட்டத்தின் பகுதிகள் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தன. 1967இல் மறுபடி வருவாய்த்துறை, மறுபடி அதே வேலை. 1969இல் திருத்தச் சட்டம் நிறைவேறி, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது முதல்வர் எதிர்முகாமான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சுத மேனன். பெருமை யாருக்கு என்று இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இன்னும் சண்டை போடுகின்றன. போடட்டும்.

என் கணவருக்கு வங்கி வேலை மாற்றலானபோது சில காலம் சேர்த்தலையில் இருந்தோம். கௌரியம்மாவின் சொந்தப் பகுதி. பக்கத்து வீட்டில் கயிறு திரிக்கும் ஒரு அம்மூம்மா, நம் ஊரில் பாட்டி. சின்ன வயதில் அவர்கள் குடிசை ஜென்மியின் தென்னந்தோப்பில் இருந்ததாம். கூரைமேல் தேங்காய் விழுந்தால்கூட அது அவருடையது. ஒரு வாழைக்கன்று வைக்கவும் கேட்க வேண்டும். பெண் கல்யாணத்துக்கு முன்னால் போய் நின்று சொல்ல வேண்டும். கோபம் வந்தால் ஓலையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள், போக வேறு இடம் கிடையாது. இப்படிப்பட்ட குடிகிடப்புக்காரர்களுக்குத்தான், சந்தை விலையில் ஒரு சிறு பங்கைக் கட்டி, கிராமத்தில் குடிசையோடு 10 சென்ட் வரை வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தந்தது. அம்மூம்மா எனக்கு வீட்டைச் சுற்றிக்காட்டியது நினைவிருக்கிறது. வீட்டுக்குள் அழைத்துப் போகவில்லை, வேலியோரமாகவே ஒரு சுற்று. இது என் பலா, இது என் முருங்கை, இது என் கிணறு. டி.வி.தாமஸ் பற்றி நான் ஆர்வமாக ஏதோ கேட்டேன், நானும் அப்போது உங்களைப் போலத்தான். “அது அவங்க வீட்டு விஷயம்” என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் பறித்துத் தந்தார்.

உடனே கௌரியம்மாவுக்குக் கோயில் கட்டிவிடாதீர்கள். அந்தச் சட்டம் தோட்டங்களை நில உச்சவரம்பிலிருந்து விட்டுவிட்டது. தேயிலை, ரப்பர், ஏலம் எதுவும் தொடப்படவில்லை. மூணாறில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளும் நம் ஆட்களுக்கு 10 சென்ட் வரவில்லை. வேலை இருக்கும்வரை லயம் என்கிற வரிசை வீட்டில் ஓர் அறை, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது பேர் வரை போனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். ஆதிவாசிகளுக்கும் அந்தச் சட்டத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று. 1990களில், ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிப்போன நிலத்தைத் திருப்பித்தரச் சொன்ன 1975 சட்டத்தை நீர்த்துப்போகச் செய்ய இடதுசாரி, காங்கிரஸ் முன்னணிகள் இரண்டும் சேர்ந்து கைதூக்கியபோது, சபையில் தனியாக எதிர்த்து நின்றவர் இதே கௌரியம்மா. இந்த விஷயம் உங்கள் காணொளியில் வந்ததா? வந்திருக்காது. அதில் கண்ணீர் இல்லையே.

முதல்வர் பதவி தராதது அநியாயம்தான். அதைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் சும்மா இருந்துவிடவில்லை. ஜே.எஸ்.எஸ். என்று தனிக்கட்சி தொடங்கி, வாழ்நாளெல்லாம் எதிர்த்த காங்கிரஸோடு கூட்டுச் சேர்ந்து, 2001இல் ஏ.கே.ஆண்டனி அரசில் விவசாய அமைச்சரானார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் யாருக்கும் பிடிக்க வேண்டும் என்று எதையும் செய்த ஆளில்லை. லத்தி விஷயத்தை விட்டுவிடுகிறேன். சிறையில் பட்டதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்தார், நீங்கள் அதற்கு இசை போட்ட காணொளி பார்த்து அழுகிறீர்கள்.

ஆ, உங்கள் வார்டு. நில்லுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஜெயித்தால் என்ன குழுவில் போடுவீர்கள் என்று இப்போதே கேளுங்கள். வரி மேல்முறையீடு, பணிகள், நகரமைப்பு என்று ஏதாவது சொன்னால் மேலே பேசுங்கள். “அதெல்லாம் அண்ணன் பார்த்துக்குவார்” என்றால், அந்த அண்ணனையே நிற்கச் சொல்லுங்கள்.

கௌரியம்மா எழுதிய தன்வரலாறு மலையாளத்தில் இருக்கிறது, கேரள சாகித்ய அகாடமி விருது பெற்றது. மலையாளம் படிக்கத் தெரியாதே என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். காணொளி பார்க்கிற நேரத்தில் எழுத்து கற்றுக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா