காரைச் சுவருக்கு மேல் சிமென்ட் வேண்டாம்

வணக்கம் நண்பரே. கும்பகோணத்துப் பழைய வீட்டில் காரை, அதாவது சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்மேல் போட்ட சிமென்ட் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து உதிர்கிறது, திரும்பவும் சிமென்டே பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பூசாதீர்கள்.

டெல்டாவின் வண்டல் மண் ஈரத்தை விடாது. சுவர் வழியே ஏறும் ஈரத்தைக் காரை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்துவிடும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளுகிறது.

இத்தனைக்கும் காரை, சிமென்ட் இரண்டுமே சுண்ணாம்புக்கல்லில் பிறந்தவை. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரில் கிடைப்பது, கிரெட்டேசியஸ் காலத்தில் (டைனோசர்கள் வாழ்ந்த காலம்) கடலடியில் சிப்பிகளும் சுண்ணாம்புச் சேறும் படிந்து இறுகிய கல். அங்கே இன்றும் அம்மோனைட் என்ற, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரியின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன, ஒருமுறை அவசியம் போய்ப் பாருங்கள். அந்தக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதைத் தண்ணீர் விட்டு நீற்றிப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகும். களிமண் கலந்து 1,450 டிகிரி வரை சுட்டு அரைத்தால் சிமென்ட்.

செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து, கோடை முழுக்கக் காயவிடுங்கள். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மெல்லிசாகப் பூசி, ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். அவசரப்பட வேண்டாம். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும், எமல்ஷன் அடித்தால் ஈரம் மறுபடி அடைபடும்.