முன்பணம் கொடுப்பதற்கு முன்: முதல் வீடு வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் முதல் வீடு தேடும் இளைஞர்கள் எழுதியவை. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வீட்டை மூன்று முறை நேரில் போய்ப் பார்த்ததாக எழுதியிருக்கும் பலர், பத்திரத்தை ஒரு முறைகூடப் படித்ததாக எழுதவில்லை.

கேள்வி: சிறுசேரி பக்கம் கட்டப்பட்டுவரும் அடுக்ககத்தில் ரூ.62 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இந்த வாரத்துக்குள் 20 சதவீதம் கட்டினால் ரூ.2 லட்சம் தள்ளுபடியாம். ஒப்பந்தத்தை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். கட்டலாமா?
– மென்பொருள் ஊழியர், வயது 27, பெருங்குடி

பதில்: கட்டாதீர்கள். விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (சுருக்கமாக, ரெரா) 13ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கணக்கில் அந்த வரம்பு ரூ.6.2 லட்சம், அவர்கள் கேட்பதோ ரூ.12.4 லட்சம். சட்டம் தடுத்திருப்பதைச் செய்யச் சொல்லி, அதற்குக் கூலியாக ரூ.2 லட்சம் தருகிறார்கள் என்று இந்தத் தள்ளுபடியைப் புரிந்துகொள்ளுங்கள்.

அந்தத் திட்டம் ரெராவில் பதிவாகியிருக்கிறதா என்று தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். கட்டி முடிப்பதாகக் கட்டுநர் எழுதிக் கொடுத்திருக்கும் தேதி அதில் இருக்கும். விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்லும் தேதியும் அதுவும் ஒன்றாக இருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டி முடியாத வீடு என்பதால் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, ரூ.62 லட்சத்தில் அது அடங்குமா அல்லது மேற்கொண்டு ரூ.3.1 லட்சம் கேட்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிறைவுச் சான்றிதழ் பெற்ற பிறகு விற்கப்படும் வீட்டுக்கு இந்த வரி கிடையாது.

இதே வட்டாரத்தில் ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) ஆறு வீடு கட்டி விற்கும் சிறிய கட்டுநரிடம் போவோருக்கும் ஒரு வார்த்தை. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ இருந்தால் ரெரா பதிவு கட்டாயமில்லை. அங்கே உங்களுக்குக் காவல் நீங்கள் படிக்கும் பத்திரம்தான்.

கேள்வி: மனைவி பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் குறையும் என்கிறார்களே?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ரூ.10 லட்சத்துக்கு மேற்படாத சொத்து என்றால், 2025 ஏப்ரல் 1 முதல் 1 சதவீதம் குறையும். நீங்கள் எழுதியிருக்கும் ரூ.58 லட்சம் வீட்டுக்குக் குறையாது.

கேள்வி: விளம்பரத்தில் 1,150 சதுர அடி என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே நின்று பார்த்தால் சிறியதாகத் தெரிகிறது. என் கண்ணில்தான் கோளாறா?
– ஆசிரியை, குரோம்பேட்டை

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, அம்மா. இந்தக் கேள்விக்காகத்தான் பல மாதங்களாகக் காத்திருந்தேன் என்பதால், பதில் நீள்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004ஆம் ஆண்டில் நான் வாங்கிய வீடு 950 சதுர அடி என்று சொல்லி விற்கப்பட்டது. குடியேறிய இரண்டாம் நாள், கட்டில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை அடைத்துக்கொண்டு, பீரோவின் கதவு பாதிக்கு மேல் திறக்க மறுத்தபோது, தையல் மெஷினின் மேசை இழுப்பறையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து அறை அறையாக அளந்தேன். அடுப்படி மேடையின் கீழ் உட்பட எல்லாவற்றையும் கூட்டியும் 690 சதுர அடிக்கு மேல் வரவில்லை. மீதி 260 சதுர அடி எங்கே என்று விற்றவரிடம் கேட்டபோது, மாடிப்படி, லிஃப்ட் குழி, மொட்டை மாடித் தொட்டி, காவலாளி உட்காரும் இடம் ஆகியவற்றில் என் பங்கு அது என்று விளக்கினார். அந்தக் காவலாளி நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

'சூப்பர் பில்டப்', 'சேலபிள் ஏரியா' என்ற சொற்களுக்கு அந்த ரெரா சட்டத்தில் இடமில்லை. அது வரையறுத்திருப்பது கார்ப்பெட் ஏரியாவை மட்டும்தான்: வெளிச்சுவர்கள், குழாய்களும் கம்பிகளும் செல்லும் குழிகள், உங்கள் பால்கனி, உங்களுக்கு மட்டுமான திறந்த மாடி ஆகியவற்றை நீக்கி, அறைகளுக்கு இடையிலான உட்சுவர்களைச் சேர்த்து, வீட்டுக்குள் நீங்கள் புழங்கக்கூடிய தரைப்பரப்பு. உங்கள் வீட்டில் அது 805 சதுர அடி என்று அவர்களே தந்த வரைபடத்தில் பொடி எழுத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சதுர அடி ரூ.6,500 வீதம் 1,150க்கு ரூ.74.75 லட்சம் கேட்கிறார்கள். அதை 805ஆல் வகுத்தால் நீங்கள் நடமாடப்போகும் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஏறத்தாழ ரூ.9,286 கொடுக்கிறீர்கள் என்று தெரியும். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது இந்த இரண்டாவது எண்ணை மட்டுமே ஒப்பிடுங்கள். முதல் எண்ணை ஒவ்வொரு கட்டுநரும் தத்தம் மனசாட்சிக்கு ஏற்ப ஊதிக்கொள்ளலாம்.

இன்னொரு அளவு உண்டு. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. அடுக்ககம் பழசாகி இடிக்கப்படும் நாளில் உங்களுக்கென்று மிஞ்சுவது யுடிஎஸ் என்னும் பிரிபடாத நிலப்பங்குதான். இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி நிலத்தில், எல்லா வீடுகளையும் சேர்த்து 9,600 சதுர அடி விற்கிறார்கள் என்றால், 1,000 சதுர அடி என்று வாங்குபவருக்கு 500 சதுர அடி நிலம் வர வேண்டும். பத்திரத்தில் 380 என்று இருந்தால் மீதி எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் எதிர்காலத்தில் இன்னொரு மாடி எழுப்புவதற்காகக் கட்டுநர் அதைத் தன் கையில் வைத்திருப்பார். என் பத்திரத்தில் இந்த எண்ணை நான் பார்த்தது, வாங்கி ஆறு ஆண்டுகள் கழித்து.

கேள்வி: பஞ்சாயத்து அப்ரூவல் மனை, விலை பாதிதான். வாங்கலாமா?
– வாசகர், திருவள்ளூர்

பதில்: வாங்காதீர்கள். காரணம் கடைசிப் பதிலில் இருக்கிறது.

கேள்வி: கையில் வரும் சம்பளம் ரூ.82,000. மறுவிற்பனை வீடு ஒன்று ரூ.60 லட்சத்துக்கு வருகிறது. வங்கி ரூ.48 லட்சம் தருகிறது. என் சேமிப்பு ரூ.12 லட்சம். கணக்கு சரியாக வந்துவிட்டது. இருபது ஆண்டுக் கடனா, முப்பது ஆண்டுக் கடனா என்பதுதான் குழப்பம்.
– வாசகி, வயது 29, போரூர்

பதில்: கணக்கு சரியாக வரவில்லை. ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. அந்த மதிப்பில் பத்திரச் செலவைச் சேர்க்க முடியாது. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம், அதாவது ரூ.5.4 லட்சம், உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். வழக்கறிஞர், தரகர், வெள்ளையடிப்பு எல்லாம் அதற்கு மேல். பதிவுக்கு முந்தைய வாரத்தில் தனிநபர் கடனுக்கு ஓடுபவர்கள் எல்லோரும் இந்தச் செலவை மறந்தவர்கள்.

8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் ரூ.41,650, 30 ஆண்டுகளுக்குச் சுமார் ரூ.36,900. மாதம் ரூ.4,750 குறைவதற்காக, மொத்த வட்டியில் ஏறத்தாழ ரூ.33 லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள். ஆனால் 20 ஆண்டுத் தவணை உங்கள் சம்பளத்தில் பாதியைத் தாண்டுகிறது. ஆகவே நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறேன்: ரூ.40 லட்சத்துக்குள் வீடு தேடுங்கள், அல்லது இரண்டு ஆண்டுகள் பொறுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்குத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பதால், கடன் எடுத்த பின் போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள்.

கடனோடு ஆயுள் காப்பீட்டையும் எடுத்தே ஆக வேண்டும் என்று வங்கியில் சொன்னால், அந்த விதியை எழுத்தில் கேளுங்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. இந்த வீட்டையே வாங்குவதாக முடிவு செய்தால், விலை ரூ.50 லட்சத்தைத் தொட்டுவிட்டதால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை, ரூ.60,000ஐப் பிடித்து வருமான வரிக் கணக்கில் கட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. மறந்தால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

கேள்வி: வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், அவரிடம் பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் விற்கிறார். தாய்ப் பத்திரம் (சொத்தின் மூலப் பத்திரம்) தொலைந்துவிட்டதாம், ஜெராக்ஸ் காட்டினார். வில்லங்கம் பத்து ஆண்டுகளுக்குப் பார்த்தோம், சுத்தம். நல்ல மனிதராகத் தெரிந்ததால் ரூ.3 லட்சம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கவில்லை. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?
– வணிகர், வயது 31, ஆவடி

பதில்: கைபேசி வாங்கினால்கூட பில் இல்லாமல் கடையை விட்டு இறங்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். சொத்து விற்பனைக்கு ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழும். இதை அவருக்கு நினைவூட்டி, தேதியிட்ட ரசீதும் ஒப்பந்தமும் எழுதி வாங்குவதை இன்றைக்கே செய்யுங்கள். தர மறுத்தால் அவர் நல்ல மனிதரா என்பது தெரிந்துவிடும்.

பத்திரம் தொலைந்தது என்றால் காவல்துறை தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு, சார்பதிவாளரிடம் பெற்ற சான்றிட்ட நகல் ஆகிய மூன்றும் வேண்டும். தொலைந்ததாகச் சொல்லப்படும் பத்திரங்களில் சில, தனியாரிடம் அடகில் பத்திரமாக இருக்கும். வில்லங்கச் சான்று என்பது பதிவானவற்றின் பட்டியல்தான்; பதிவு செய்யாத அந்த அடகு அதில் வராது. பதிவாகாத உயிலும், பங்கு கேட்கக் காத்திருக்கும் வாரிசும் அதில் வரமாட்டார்கள். பத்து ஆண்டு போதாது, குறைந்தது முப்பது ஆண்டுகள் போட்டுப் பாருங்கள். பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் அன்றோடு முடிந்தது; அவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு மருத்துவர் சான்று கேளுங்கள், காணொளி அழைப்பில் அவர் முகத்தையும் ஒரு முறை பாருங்கள். இவ்வளவும் ஒரு வழக்கறிஞர் முதல் நாளே சொல்லியிருப்பார். ரூ.3 லட்சம் கொடுக்கத் துணிந்தவர் அவருடைய கட்டணத்துக்கு ஏன் தயங்கினீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

கேள்வி: 2021இல் ஒப்பந்தம் பதிந்தோம். 2023 டிசம்பரில் சாவி என்றார்கள். இன்னும் தூண்களும் கம்பிகளும்தான் நிற்கின்றன. வாடகையும் தவணையும் சேர்ந்து மகனை நசுக்குகின்றன; அவன் திருமணத்தையே தள்ளிப்போட்டுவிட்டான். கட்டுநர் போனை எடுப்பதில்லை. கடனை நிறுத்திவிடலாமா என்கிறான்.
– தாயார், மேடவாக்கம்

பதில்: அம்மா, உங்கள் மகன் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்கிறார், தவணை தவறவில்லை. அதையே அவருக்குப் பலமாக்க வேண்டும். ஆகவே கடனை நிறுத்தவேண்டாம். நிறுத்தினால் கட்டுநருக்கு ஒன்றும் ஆகாது. மகனின் கடன் மதிப்பெண்தான் கெடும்.

ரெரா சட்டத்தின் 18ஆம் பிரிவு அவருக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. விலகிக்கொண்டு, கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு கேட்கலாம். அல்லது வீடுதான் வேண்டும் என்றால், சாவி தரும் வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டு விதிகளின்படி அந்த வட்டி ஸ்டேட் வங்கியின் எம்சிஎல்ஆர் என்னும் அடிப்படைக் கடன் வட்டி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். எந்த வழி என்பதை, கட்டுநருக்கு முடிக்கும் சக்தி இருக்கிறதா என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாமல் ஒரு புதன்கிழமை அந்த இடத்துக்குப் போய், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சிமெண்ட் மூட்டை புதிதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஈ ஆடவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மற்ற வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டால் வழக்கறிஞர் செலவு குறையும்.

உங்கள் புகாரின் மேல் ரெரா ஆணையம் உத்தரவிட்டும் கட்டுநர் தராவிட்டால், நில வருவாய் பாக்கியைப் போல ஆட்சியர் வழியாக வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இது மாதக் கணக்கில் இழுக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. இடையில், புதிய தேதி போட்ட துணை ஒப்பந்தத்தையோ, இழப்பீடு கோரமாட்டேன் என்ற கடிதத்தையோ கட்டுநர் நீட்டினால், எவ்வளவு இனிக்கப் பேசினாலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வீடு பிடித்திருக்கிறது, வாசல் தெற்கு பார்த்திருக்கிறது. வாஸ்துப்படி சரியா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: வாஸ்து எனக்குத் தெரியாது. வேளச்சேரியில் வீடு வாங்குபவர் தெற்கு வடக்கைவிட மேடு பள்ளம் பார்ப்பது நல்லது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று, விற்பவரிடம் கேட்காமல், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். அவர் தள்ளுவண்டியின் சக்கரத்தையோ தன் இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்.

கேள்வி: மதுராந்தகம் பக்கம் மனை பார்க்க ஞாயிறன்று இலவச வேன், மதியச் சாப்பாடு, பதிவு செய்தால் ஒரு கிராம் தங்க நாணயம். நண்பர்கள் போகிறார்கள். சும்மா போய்ப் பார்ப்பதில் தவறுண்டா?
– வாசகர், வயது 25, செங்கல்பட்டு

பதில்: 1997இல் நானும் சும்மாதான் போனேன். புளியோதரைப் பொட்டலமும் வடையும் கொடுத்தார்கள். நான்கு மூலையிலும் வெள்ளையடித்த கற்களை நட்டு, நடுவில் செம்மண் சாலை போட்டு, பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை வைத்த வரைபடத்தைக் காட்டினார்கள். வேனில் இருந்த இரண்டு பேர் உடனே முன்பணம் கொடுத்ததைப் பார்த்து நானும் கொடுத்தேன். அவர்கள் இருவரும் விற்பவரின் ஆட்கள் என்பது எனக்குத் தெரியாது. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) போன்ற திட்ட அமைப்புகளுக்குத்தான் உண்டு, பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது என்பதும் தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் போனபோது கற்களைக் காணோம். முழங்கால் தண்ணீரில் கொக்குகள் நின்றன. 2017இல் அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தபோது ஓடிப்போய் விசாரித்தேன். நீர்நிலையில் அமைந்த மனைகளுக்கு அது பொருந்தாது என்று சொல்லி, காகிதங்களைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

போக வேண்டும் என்றால் போங்கள். முந்தைய நாளே சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டில் அந்த நிலம் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். சர்வே எண்ணைத் தர மறுத்தால் வேனில் ஏறாதீர்கள்.