போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வைத்திருக்கிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. பெரிய டிஸ்க் கிட் போடலாமா?

போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். கிட் விற்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஊருக்குள் நன்றாகப் பிடித்து, கணவாயில் மட்டும் கைவிடுகிறது என்றால் சூடுதான் காரணம். சூட்டைத் தாங்காதது எது என்று பெடலே காட்டிக்கொடுக்கும்.

பெடல் கல்லு மாதிரி நிற்கிறது, எவ்வளவு அழுத்தியும் வேகம் குறையவில்லை, கருகல் வாடை வேறு அடிக்கிறது என்றால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் பிடிப்பை இழந்துவிட்டது. பெடல் மெத்தென்று கீழே இறங்கி, வண்டி ஆறியதும் பழைய நிலைக்கு வந்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயிலில் ஆவிக் குமிழி வந்துவிட்டால் நீங்கள் மிதிக்கும் மிதி குமிழியை நசுக்கவே சரியாகிவிடும். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் வரை போகாது.

ஆயிலில் இருந்து தொடங்குங்கள். டாட் 4 என்பது பிரேக் ஆயிலின் ஒரு தரம்; புதுசாக இருக்கும்போது அது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155-க்கு வந்துவிடும். அதனால்தான் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டாட் 5.1-க்கு இந்த இரண்டும் 260, 180. டாட் 5 சிலிகான், அதைத் தொடவே வேண்டாம். 1 லிட்டர் வாங்கினால் முழுசாக மாற்றலாம். மாற்றும்போது ரிசர்வாயரில் ஆயில் அடிமட்டத்துக்குப் போக விடாதீர்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் ஸ்கேனர் இல்லாமல் வெளியேற்றுவது கஷ்டம். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அடுத்தது பேட். ரேஸ் பேட் வேண்டாம், ஆறியிருக்கும்போது பிடிக்காது. ரோட்டுக்கென்றே வரும், கூடுதல் சூடு தாங்கும் பேட் போதும். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை அளந்து பாருங்கள். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் புதுசுதான், கடைசல் பிடிக்கக் கூடாது. புது டிஸ்க் மாட்டும் முன், அது உட்காரும் ஹப் முகத்தில் உள்ள துருவை ஒட்டுமொத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. பிறகு பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது என்று டிஸ்க் கம்பெனியைத் திட்டுகிறார்கள். காலிப்பர் பின்களுக்கு சிலிகான் கிரீஸ். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துப் பின்னை இறுக்கிவிடும். சிவப்பு பிளாஸ்டிக் காலிப்பர் கவர் மாட்டியிருந்தால் கழற்றிப் போடுங்கள், காற்றோட்டத்தை மறைப்பதைத் தவிர அதற்கு வேலை இல்லை.

உங்களுடையது 7 கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) உள்ள 1.2 லிட்டர் இன்ஜின் என்று எடுத்துக்கொள்கிறேன். டி-யிலேயே இறங்கினால் மைலேஜுக்காக அது மேல் கியருக்குப் போய்விடும். கணவாய் தொடங்கும் முன்பே மேனுவலுக்குத் தள்ளி 3 அல்லது 2-ல் இறங்குங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே போகாமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். டீசல் மிச்சம் என்று அதே இறக்கத்தில் லாரியை நியூட்ரலில் விடுகிறவர்களுக்கு யார் சொல்வது? அவர்கள் பின்னால் வருகிறார்கள் என்பதை நினைவில் வைத்துத்தான் நாமும் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லையா? அப்போது பெரிய டிஸ்க். ஆனால் காலிப்பர் பிஸ்டன் அளவு மாறக் கூடாது. பிஸ்டன் பெரிதானால் பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்பதால் பெடல் ஆழமாகப் போகும். சுமை முழுக்க முன்னால் சாய்ந்து பின் டிரம் சும்மா இருக்கும். கிட் உங்கள் வீலுக்குள் அடங்குமா என்று மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவையும் இன்சூரன்ஸையும் மனதில் வையுங்கள். "நான் போட்டேன், சூப்பராக இருக்கிறது" என்று கீழே கமென்ட்டில் வந்து சொல்பவர்களிடம், டயரையும் சேர்த்து மாற்றினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் பெடல் கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே மிதியுங்கள். பிறகு காலியான ரோட்டில், என்.எச் 44-ல் அல்ல, புது பேட் டிஸ்க்கோடு படிய, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்துக் குறையுங்கள், முழுசாக நிறுத்தாமல். அப்புறம் பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். வீல் போல்ட்டை முறுக்க வேண்டிய அளவு 120 நியூட்டன் மீட்டர்; 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரென்ச் வைத்து இன்னொரு முறை பாருங்கள்.