முதல்முறையாக ஒரு வாரம் சென்னையில் தங்கப் போகிறேன். என்னென்ன பார்க்கலாம், செய்யலாம்?

ஜனவரி கடைசியில் கோவையிலிருந்து அம்மா அப்பாவோடு வருவதாகவும், சனிக்கிழமை வந்து இறங்கி அடுத்த சனிக்கிழமை கிளம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மெரினா, தி.நகர், மால்கள் போக வேறென்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். கல்யாணமாகி வேளச்சேரி வந்து பதினோரு வருடமாகிறது. சின்ன வயதில் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அப்பா லீவு போட்டுவிட்டு அவர்களை மெரினாவுக்கும் வண்டலூருக்கும் கூட்டிப் போவார். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த எதையும் யாருக்கும் காட்டியதில்லை. தென்காசி சித்தப்பா ஒரு தடவை, "ஏம்மா, ஒங்க பக்கம் பாக்கதுக்கு என்னதான் இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். இப்போது தெரியும்.

உங்கள் வாரத்தில் நான்கு நாளை வடசென்னைக்குக் கொடுங்கள். இந்த நகரம் அங்கேதான் தொடங்கியது. எழும்பூரிலோ பெரியமேட்டிலோ அறை எடுத்தால் எல்லாமே பக்கம், மெட்ரோவும் கைக்கெட்டும் தூரம்.

ஞாயிறு: காசிமேடு. சனிக்கிழமை இரவு சீக்கிரம் படுத்துவிடுங்கள். மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் ஏலம் தொடங்கிவிடும். ஐந்து மணிக்காவது அங்கே இருக்க வேண்டும். நாட்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வந்த விசைப்படகுகள் வரிசையாக நிற்கும். ஐஸில் கிடக்கும் மீனைக் கூடை கூடையாக மேலே தூக்கிப் போடுவார்கள். ஏலம் கூறுகிறவர் சொல்லும் விலை வெளியாட்கள் காதில் நிற்காது. அவரைச் சுற்றி நிற்கும் பெண்கள் ஒரு தலையசைப்பில் கூடையை எடுத்துவிடுவார்கள். அவர்களே நாலடி தள்ளி உட்கார்ந்து சங்கரா, நெத்திலி, காரப்பொடி என்று கூறு கட்டி விற்பார்கள். "இன்னாமா, சும்மா பாத்துனே போற? வந்து செவுளத் தூக்கிப் பாரு, ரத்தமா கீது" என்று யாராவது கூப்பிடுவார்கள். அது அதட்டல் இல்லை, அந்தப் பேச்சின் தொனியே அதுதான். நின்று பேசுங்கள். எந்த மீனைக் குழம்பு வைக்கலாம், எதை வறுக்கலாம் என்று அவர்கள் சொல்வதை எந்தச் சமையல் காணொளியும் சொல்லாது.

அப்பா அம்மாவுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள், தரை முழுக்க ஈரமும் செதிலுமாக வழுக்கும். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர்கள் உழைக்கிற நேரம் அது. கோடையில் வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது இந்தக் காட்சி இருக்காது.

திரும்பும் வழியில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் ராணிப்பேட்டை பக்கமுள்ள வாலாஜா ரோடு நிலையத்துக்குக் கிளம்பியது. இந்தியாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இதுதான். நான் கல்லூரிக்கு மூன்று வருடம் இங்கே ரயில் ஏறியிருக்கிறேன், அந்தத் தூண்களை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. நீங்கள் பாருங்கள். அப்புறம் அறைக்குப் போய்த் தூங்கலாம்.

திங்கள்: புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு, அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பயந்தே பலரும் உள்ளே போவதில்லை. 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த மணல்திட்டு கிடைத்தது, மறுவருடமே கோட்டையின் முதல் கட்டம் எழும்பியது. உள்ளே இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680ல் கட்டியது. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டுமென்று கூரையை வளைவாகவும் சுவரை நாலடிக் கனத்திலும் எழுப்பியிருக்கிறார்கள். இங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவர். வெளியே தரையில் பாவியிருப்பவை கல்லறைக் கற்கள். லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மேனியம் என்று பல மொழி எழுத்துகள். மேலே நடந்து போக எனக்கு மனம் வராது, ஓரமாகவே போவேன்.

கோட்டை அருங்காட்சியகத்தில் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறிய தேசியக்கொடி. பட்டுத் துணி, மங்கிய வெளிச்சம், கண்ணாடிப் பேழை. போன வருடம் என் மகளை அதன் முன்னால் நிறுத்தி, உன் கொள்ளுத்தாத்தா காலத்துக் கொடி என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால்தான் இதைத் திங்களில் வைத்தேன்.

அங்கிருந்து உயர்நீதிமன்றம் பக்கம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் வந்து சென்னையின் மேல் குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. அதற்கான நினைவுக் கல் நீதிமன்றக் கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. பொல்லாத ஆளை "சரியான எம்டன்" என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தச் சொல் கரையேறியது இங்கேதான்.

சாயங்காலம் பர்மா பஜாருக்குப் பின்னால், இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ சாப்பிடுங்கள். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். அவித்த முட்டையைக் கீறி வெங்காயம் திணித்துக் கொடுப்பார்கள், அப்படியே வாயில் போட வேண்டும். காரம் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள்.

செவ்வாய் முழுக்க ஜார்ஜ் டவுன். இதற்கு ஒரு நாள் போதாது, ஆனால் பெற்றோரோடு அதற்கு மேல் நடக்க முடியாது. மண்ணடி மெட்ரோவில் காலை எட்டு மணிக்கு இறங்குங்கள். பத்தரைக்கு மேல் வண்டிகள் நெருக்க ஆரம்பித்துவிடும். முதலில் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள். சுதேசமித்திரனில் வேலை பார்த்த நாட்களில் பாரதி வந்து வணங்கிய கோயில் என்பார்கள். அடுத்தது அரண்மனைக்காரன் தெரு. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மேனியன் தெரு என்பது நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. ஆர்மேனியர் தேவாலயம் அங்கே இன்னும் இருக்கிறது. மரக்கதவைத் தாண்டி உள்ளே போனால் வெளியே இருந்த இரைச்சல் சட்டென்று நின்றுவிடும். இப்போது நிற்கும் கட்டடம் 1772ஐச் சேர்ந்தது. உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை 1794ல் வெளிவந்தது இந்தச் சென்னையிலிருந்துதான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் இங்கே இருக்கிறது. எங்கோ பிறந்த ஒரு மொழியின் முதல் பத்திரிகை நம் ஊர் அச்சில் ஏறியிருக்கிறது. இதை அறிந்த நாளில் அந்தத் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பவளக்காரத் தெரு, லண்டனிலிருந்து வந்து பவளம் விற்ற யூத வணிகர்களின் தெரு. கந்தகோட்டம் போங்கள், வள்ளலார் தெய்வமணிமாலை பாடியது இந்த முருகன் மேல்தான். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு உண்டு: கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் ஆண்டர்சன் தெரு, துணிக்குக் கோடவுன் தெரு, கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் தேவராஜ முதலி தெரு. வாங்க ஒன்றுமில்லாவிட்டாலும் நடக்கலாம். "ஓரம், ஓரம்" என்று சரக்கேற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் குரல் கொடுத்தால் மட்டும் உடனே விலகுங்கள். அவரால் நிறுத்த முடியாது, அவ்வளவு பாரம். நடை முடிகிற இடம் சௌகார்பேட்டை தங்கசாலைத் தெருவாக இருக்கட்டும். ராஜஸ்தான், குஜராத் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம். சூடான ஜிலேபி, அப்புறம் முறுக்கு சாண்ட்விச். ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவில் தக்காளி, வெள்ளரி, பச்சைச் சட்னி. நம் முறுக்கும் அவர்கள் சட்னியும் சேர்ந்த இந்தப் பண்டத்தை இங்கே நின்று சாப்பிட்டால்தான் ருசி.

புதன் மாமல்லபுரம். இதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார்கள், வெயில் ஏறுமுன் போய்விடுங்கள் என்பது மட்டும் என் பங்கு. திரும்பும் வழியில் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் இறங்கினால், தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும்.

வியாழன் எழும்பூர் அருங்காட்சியகம், 1851ல் தொடங்கியது. எல்லாக் கட்டடத்தையும் சுற்றிக் கால் வலிக்க வைக்காதீர்கள். நேராகச் செப்புத் திருமேனிகள் கூடத்துக்குப் போய், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நில்லுங்கள். ஒரே உடலில் இடப்பக்கம் நிற்கும் விதமும் வலப்பக்கம் நிற்கும் விதமும் வேறு. சாயங்காலம் மயிலாப்பூர் மாட வீதிகள், கோயில், காபி. மெரினாவுக்கும் அன்றைக்கே போகலாம், ஆனால் தயவுசெய்து கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். கரையோரமே ஆழமும் இழுப்பும் அதிகம். என்னோடு பள்ளியில் படித்த ஒரு பையனை அந்த அலை கொண்டுபோனது.

வெள்ளி திருவொற்றியூர். தேரடி வரை மெட்ரோ போகிறது. தியாகராஜரும் வடிவுடையம்மனும் இருக்கும் கோயில், சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம். வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் வடசென்னைப் பெண்கள் கூட்டத்தைப் பார்க்கலாம். பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்து வந்தால் மேலூர் திருவுடையம்மன், இந்த வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் அம்மா மூன்று பஸ் மாறிப் போவார். கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. அப்பாவோடு கொஞ்ச நேரம் அங்கே உட்காருங்கள்.

திரும்பும்போது நேரமிருந்தால் புதுவண்ணாரப்பேட்டைச் சந்துகளில் கேரம் ஆடுவதைப் பாருங்கள். 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதிப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். வடசென்னை என்றால் அரிவாள் என்று மட்டும் நினைக்கிறவர்களிடம் நான் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசுவேன்.

உங்களுக்கு மட்டும் ஒன்று, பெற்றோர் அறையில் தூங்கட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் முட்டையிட நீலாங்கரை, பெசன்ட் நகர் கரைக்கு வரும். 1988லிருந்து மாணவர் அமைப்பு ஒன்று இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மணலில் பல கிலோமீட்டர், டார்ச் அடிக்கக் கூடாது. ஆமை வராமல் போகலாம். நான் போன மூன்று இரவுகளில் ஒரு இரவுதான் வந்தது.

சனிக்கிழமைக்கு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம், சாமான் கட்டவே நேரம் போகும். காசிமேட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கியிருந்தால் செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். கோவை வரை ஏழு மணி நேரம், ஏசி பெட்டி.