பிள்ளை தூங்கும்போதும் தூங்காத தாய்

கேள்வி: என் மகளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. பிறந்து ஏழு வாரம் ஆகிறது, எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளை தூங்கினாலும் இவள் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்று அழுகிறாள். பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். டாக்டரிடம் போனால் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்களோ?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தத் தூக்கம்தான். கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கம் கெடுவது சகஜம். ஆனால் பிள்ளை அசந்து தூங்க, பார்த்துக்கொள்ள நீங்களும் பக்கத்தில் இருக்க, அப்போதும் கண் மூடவில்லை என்றால் அது வெறும் அசதி இல்லை. பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஏழு வாரம் நீடிப்பது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. குணமாகக்கூடியதுதான், காத்திருந்தால் தானாகப் போய்விடும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

1987-இல் ஸ்காட்லாந்தில் இதற்காகவே உருவான ‘எடின்பரோ’ கேள்வித்தாள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்தே கேள்விகள். பத்தாவது, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இதை நீங்களே இன்று மகளிடம் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். யாரோ பேசுவது கேட்கிறது, பிள்ளை தன்னுடையதில்லை என்றெல்லாம் சொன்னாலும் அப்படித்தான். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் கடுமையான மனநோய் அது. காற்று கருப்பு என்று மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

தாய்ப்பால் விஷயத்தில் பயம் வேண்டாம். லேசான சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். மாத்திரை தேவைப்பட்டாலும், செர்ட்ராலின் போன்றவை பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். பால் கொடுப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இவையும் இதே அசதியைத் தரும்.

‘இரண்டாவதும் பெண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனையில் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் முகம் எப்படி இருந்தது? யார் என்ன சொன்னார்கள்? மாசமாக இருக்கும்போது எடை, பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்க்கிறோம். வீட்டில் அடி உண்டா, கணவர் குடிப்பாரா, முன்பு மனச்சோர்வு வந்ததா, பிள்ளை தவறியதா என்று எத்தனை இடத்தில் கேட்கிறோம்? என் துறையின் குறை அது. இவற்றை டாக்டர் மகளிடம் தனியாகக் கேட்கட்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரம் நீங்களும் வெளியேதான் இருக்க வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ‘டெலி மனஸ்’ என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அப்புறம், இன்று இரவு பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பாலை எடுத்து வைத்துக்கொண்டு மகளுக்கு நாலைந்து மணி நேரம் தொடர்ந்து ஓய்வு கொடுங்கள்.

மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் பேச்சு இப்போதே தொடங்கியிருக்கும். அனுப்பிவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், அதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். மகள் சம்மதித்தால் மருமகனையும் ஒருமுறை வரச்சொல்லுங்கள். அங்கே ராத்திரி பிள்ளையை யார் வாங்கிக்கொள்வது என்பதை அவரிடம் பேசியாக வேண்டும்.