சகவாசமா, மனக்கட்டுப்பாடா, ரத்தமா? வாரத்தில் ஒருநாள் மட்டும் மட்டுமீறிக் குடிப்பது ஏன்?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. வாரம் முழுக்க ஒரு சொட்டுகூடத் தொடமாட்டான். சனிக்கிழமை இரவு நண்பர்களோடு உட்கார்ந்தால் மட்டும் நிறுத்தத் தெரியாமல் குடிக்கிறான். மறுநாள் கேட்டால், பாதி இரவு ஞாபகமே இல்லை என்கிறான். கெட்ட சகவாசம் என்கிறார் அம்மா. மனக்கட்டுப்பாடு இல்லாதவன் என்று அப்பா திட்டுகிறார். பெரியப்பாவோ, 'தாத்தாவோட ரத்தம், அப்படித்தான் இருக்கும்' என்கிறார். அவனைக் கேட்டால் வேலை டென்ஷனாம். இதில் எது உண்மையான காரணம்?

பதில்: உங்கள் வீட்டில் நான்கு பேர் நான்கு காரணம் சொல்கிறார்கள். மதுவை மட்டும் யாரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? உங்கள் தம்பி முதல் கிளாஸை எடுக்க ஒரு காரணம் இருக்கலாம். ஆறாவது கிளாஸை எடுப்பதற்குப் பெரிய காரணம், அதற்கு முன் உள்ளே போன ஐந்து கிளாஸ்கள்தான்.

அப்பா சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். ஆறு நாள் தொடாமல் இருப்பவரிடம் மனக்கட்டுப்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? 'போதும்' என்று முடிவெடுப்பது மூளையின் முன்பகுதி. மது ஏறியதும் ஆரம்பத்திலேயே தளர்ந்துபோகும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அதனால் 'மூணோட நிறுத்திக்கிறேன்' என்று மாலையில் உண்மையாகவே நினைத்தவர், மூன்றாவது முடிந்தபோது அதே ஆளாக இருப்பதில்லை. போதாததற்கு, கடைசி வாய் குடித்த பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் ரத்தத்தில் மதுவின் அளவு ஏறிக்கொண்டே இருக்கலாம். 'இன்னும் ஏறவே இல்லை' என்று அடுத்ததை ஊற்றிக்கொள்ளும்போது, முன்பு குடித்ததே இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

அந்த 'ஞாபகமே இல்லை' என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். அவர் பொய் சொல்லவில்லை, மறந்துபோகவும் இல்லை. ரத்தத்தில் மது வேகமாக ஏறும்போது, நினைவுகளைப் பதிய வைக்கும் பகுதி அந்த நேரத்துக்கு வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. வெளியே பார்த்தால் பேசுவார், சிரிப்பார், வண்டிச் சாவியைக்கூடத் தேடி எடுப்பார். உள்ளே எதுவும் பதியாது. வெறும் வயிற்றில், அவசரமாகக் குடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும்.

அம்மா சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் 'கெட்ட' என்ற அடைமொழி தேவையில்லை. நல்ல நண்பர்களோடு உட்கார்ந்தாலும் நடப்பது இதுதான்: கூட்டத்தில் வேகமாகக் குடிப்பவருடைய வேகத்துக்கு மற்றவர்கள் போய்விடுகிறார்கள். கிளாஸ் காலியாகும் முன்பே யாராவது நிரப்பிவிட்டால் கணக்கும் போய்விடும். மற்றவர்கள் உண்மையில் குடிப்பதைவிட அதிகமாகக் குடிப்பதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களிடம் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நினைப்புக்கு ஈடுகொடுக்கத்தான் பலர் குடிக்கிறார்கள்.

பெரியப்பா சொல்வது பாதி சரி. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, மதுச்சார்பு நோய், அதாவது மதுவுக்கு அடிமையாகும் நிலை, வரும் வாய்ப்பில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபு காரணம். அப்படி வருவதில் ஒன்று, சீக்கிரம் போதை ஏறாத உடம்பு. 'எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடி' என்று நண்பர்கள் பாராட்டுவார்கள். உண்மையில் ஆபத்து அவருக்குத்தான் கூடுதல். ஆனால் தாத்தாவைக் காரணம் காட்டி எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டால் மீதிப் பாதியை யார் பார்ப்பது?

டென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். முதல் கிளாஸ் பதற்றத்தைக் குறைக்கும், அது பொய்யில்லை. அப்புறம் பின்னிரவுத் தூக்கம் கெடும், மறுநாள் படபடப்பு கூடும். வாரம் தொடங்கும்போது இருக்கும் டென்ஷனில் கொஞ்சம் அந்தச் சனிக்கிழமை கொடுத்ததுதான். குடியை முழுக்க விட்டு மூன்று, நான்கு வாரம் ஆன பிறகும் மனச்சோர்வோ பதற்றமோ தொடர்ந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும்.

'தினமும் குடிக்கிறவன்தானே குடிகாரன், நமக்கென்ன?' என்று அவர் கேட்கலாம். ஒரே அமர்வில் 60 கிராம் சுத்த ஆல்கஹாலோ அதற்கு மேலோ போனால் உலக சுகாதார அமைப்பு அதை மிதமிஞ்சிய குடி என்கிறது. 40 சதவீத மது என்றால் 30 மில்லி பெக் ஆறைத் தாண்டினாலே அந்தக் கணக்கு வந்துவிடும். இப்படிக் குடிக்கும் எல்லோரும் அடிமையானவர்கள் இல்லை. அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், அளவுமீறிக் குடிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மதுச்சார்பு நோய் இருக்கவில்லை. ஆனால் விபத்து, அடிதடி, இதயத் துடிப்பு தடுமாறுவது, வாந்தி மூச்சுக்குழாயில் போவது இவற்றுக்கெல்லாம் ஒரே ஒரு இரவு போதும்.

சரி, இப்போது என்ன செய்வது? 'ஏன் குடிக்கிறாய்?' என்று விசாரிப்பதை விடுங்கள். அதற்கு எல்லோரும் ஒரு காரணம் தயாராக வைத்திருப்பார்கள். அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், போன சனிக்கிழமையை மட்டும் பற்றிக் கேளுங்கள். முதல் கிளாஸ் எத்தனை மணிக்கு? அதற்கு முன் சாப்பிட்டாரா? யார் ஊற்றியது? எண்ணிக்கை எப்போது தப்பியது? எங்கே மாற்ற முடியும் என்பது இந்தப் பதில்களில் தெரியும். சிலருக்கு, முதலில் சாப்பிட்டுவிட்டுத் தாமதமாகப் போவதே அளவைக் குறைத்துவிடுகிறது. சிலருக்கு முதல் கிளாஸையே தவிர்ப்பதுதான் வழி. நினைவு தப்பும் அளவுக்குப் போகிறவர் என்பதால், உங்கள் தம்பிக்கு நான் சொல்வதும் இந்த இரண்டாவது வழியைத்தான். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகளும் உண்டு. கல்லீரலைப் பரிசோதித்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகே அவற்றை எடுக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை இரவு அவரைத் தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக, விட்டுவிட்டு வருகிறது என்றால் 'தூங்கித் தெளியட்டும்' என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

மற்றபடி, மனநல மருத்துவரிடம் வர அவர் மறுத்தால் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம். குடிப்பவர் வராமல் குடும்பத்தினர் மட்டும் பெறும் ஆலோசனையாலும், பின்னால் அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவர முடிந்திருக்கிறது.